பதக்கம் இல்லாதவர்களுக்கும் மைதானத்தில் வேலை உண்டு!

(விளையாட்டு மாணவர்கள் சந்திப்பில் நமது இயக்கத்தின் விளையாட்டு அணிச் செயலாளர் ஆற்றிய உரை. நேரில் வர இயலாத தோழர்களுக்காக முழுமையாக இங்கே தருகிறோம். படியுங்கள். உங்கள் ஊர் விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பகிருங்கள்.)



மேடையில் இருக்கும் மூத்த நிர்வாகிகளே, பல ஆண்டுகளாக வெயிலில் நின்று பிள்ளைகளை உருவாக்கிய உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லாருக்கும் மேலாக, டிராக் சூட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தம்பிகளே, தங்கைகளே!

முன்வரிசை காலியா இருக்கு, வாங்க. மைதானத்துல முன்னாடி ஓடுறீங்க, கூட்டத்துல மட்டும் ஏன் பின்னாடி போறீங்க?

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். கபடி ஆடுறவர், பி.பி.எட். படிக்கிறார். ஊர்ல அவர் ரெய்டு போனா கூட்டம் எழுந்து நிற்கும். ஆனா மாநில அணித் தேர்வுல கடைசிச் சுற்றுல வெளியே வந்துட்டார். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணே, பத்து வருஷம் ஆடிட்டேன். கையில பெருசா ஒரு பதக்கம் இல்ல. இனிமே எனக்கு என்னண்ணே இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்னைக்கு அவர்கிட்ட அரைகுறையாத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இன்னைக்கு உங்க எல்லார்கிட்டயும் சொல்றேன்.

முதல்ல உண்மையைப் பேசுவோம். தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, வங்கி, வருமான வரித்துறை என்று பல இடங்களில் விளையாட்டு வீரர்களை எடுக்கிறார்கள். நல்ல விஷயம். அதை இன்னும் விரிவாக்கணும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறக்கும்? அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் ஆடி, பெரும்பாலும் பதக்கமும் வாங்கியவருக்கு. ஒரு ஓட்டப் பந்தயத்தில் எட்டுப் பேர் ஓடினா மேடையில் ஏறுவது மூணு பேர். மீதி அஞ்சு பேரும் அதே நாலு மணிக்குத்தான் எழுந்தாங்க. அதே முட்டையும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டாங்க. அவங்க அம்மாவும் அதே நகையைத்தான் அடகு வச்சாங்க.

அந்த அஞ்சு பேருக்காகத்தான் இன்னைக்கு நான் பேசுறேன். ஏன்னா நான் அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன்.

என் கதையை ஒரு நிமிஷம் சொல்றேன். நான் 400 மீட்டர் ஓட்டக்காரன். மாவட்டப் போட்டியில ஹீட்ஸ்லயே வெளியே வந்துட்டேன். மரத்தடியில உட்கார்ந்து ஸ்பைக்ஸைக் கழட்டிக்கிட்டு இருக்கேன். எங்க பி.டி. வாத்தியார் வந்தார். ஆறுதல் சொல்லுவார்னு நினைச்சேன். கையில ஒரு ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து, "டைம் எடுக்க ஆள் பத்தல, வா" அப்படின்னார்.

போனேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்கினேன். திட்டு விழுந்துச்சு! "சத்தத்தைக் கேட்காதடா, புகையைப் பாரு. சத்தம் உன் காதுக்கு வந்து சேர லேட்டாகும்"னார். அடுத்த பந்தயத்துல வாட்ச் 52.32 காட்டுச்சு. நான் 52.3-னு எழுதினேன். அடிச்சுட்டு 52.4-னு எழுதினார். கையால எடுக்குற நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏத்தித்தான் எழுதணும், அதான் விதி. மூணு வாட்ச் மூணு நேரம் காட்டினா நடுவுல இருக்கிறதை எடுக்கணும், ரெண்டு ஒண்ணா இருந்தா அதை எடுக்கணும். ஆறு வருஷம் ஓடியும் எனக்கு இதெல்லாம் தெரியாது. தோத்த அன்னைக்கு சாயந்திரம்தான் கத்துக்கிட்டேன்.

அடுத்த ஆண்டும் போனேன். லைன் போட்டேன், சுண்ணாம்பு தூக்கினேன், ஃபிக்ஸ்சர் எழுதினேன். மூணாவது ஆண்டு ஒரு தனியார் பள்ளியோட விளையாட்டு விழாவுக்கு என்னை உதவிக்கு அனுப்பினாங்க. அறுநூறு பிள்ளைங்க, ஒரே நாள், சாயங்காலம் நாலு மணிக்குள்ள முடிக்கணும். முடிச்சோம். பரிசளிப்பு முடிஞ்சதும் அந்தப் பள்ளித் தாளாளர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, படிப்பு எப்ப முடியுது?" என்னோட முதல் வேலை அப்படி வந்தது. ஓடி வாங்காத வேலையை ஓடுபாதைக்கு வெளியே நின்னு வாங்கினேன்.

தம்பிகளே, தங்கைகளே! ஒரு போட்டியைப் பார்க்கும்போது நாம ஆடுறவங்களை மட்டும்தான் பார்க்கிறோம். அவங்களைச் சுத்தி எத்தனை பேர் நிற்கிறாங்கன்னு எண்ணிப் பாருங்க. ஒரு கபடி மேட்ச்சுல கோர்ட்டுக்குள்ள பதினாலு பேர். வெளியே ரெஃப்ரி, ரெண்டு அம்பயர், ஸ்கோரர், உதவி ஸ்கோரர்கள். அதுக்கு வெளியே முப்பது விநாடி கடிகாரத்தை இயக்குறவர், முதலுதவி செய்றவர், அணிகளை வரிசைப்படுத்தி அனுப்புறவர், வர்ணனையாளர், வீடியோ எடுக்குறவர், அந்த வீடியோவைப் பார்த்து எந்த ரெய்டர் எந்தப் பக்கம் போறார்னு கணக்கு எழுதுறவர். 2014-ல் புரோ கபடி வந்தது. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்தது. இந்த மாதிரி லீக்குகள் வந்த பிறகு இந்த வேலைகள் பலவும் சம்பள வேலைகளா மாறிடுச்சு. ஆனா இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது பேப்பர்ல பெரிய விளம்பரமா வர்றது குறைவு. "போன போட்டியில ஒரு பொண்ணு ஸ்கோர் டேபிள்ல இருந்துச்சே, ஒரு தப்பும் வரலையே, அதைக் கூப்பிடு" அப்படித்தான் நிறைய நடக்குது.

அந்தப் பொண்ணா நீங்க இருக்கணும். அதுக்கு முதல் போட்டியில நீங்க அந்த டேபிள்ல உட்கார்ந்திருக்கணும்.

நம்ம ஊர்லயே அதுக்கு வாய்ப்பு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அணிகள் வந்தன. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி. 2024 ஜனவரி 19 முதல் 31 வரை சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று நாலு நகரங்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள். அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். தமிழ்நாடு 38 தங்கம் உள்பட 98 பதக்கங்களோடு இரண்டாம் இடம் பிடித்தது. பெருமை!

அந்த 98 பதக்கத்தைப் பத்தி எல்லாரும் பேசினோம். ஐயாயிரம் பேரை ஸ்டேஷன்ல இறக்கி, தங்க வச்சு, சாப்பாடு போட்டு, சரியான நேரத்துக்கு மைதானத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை கைகள் தேவைப்பட்டிருக்கும்னு யோசிச்சோமா? மணிப்பூர்லேருந்து வர்ற அணிக்கு வழிகாட்டுறவருக்கு இந்தியும் கொஞ்சம் ஆங்கிலமும் பேச வந்தாகணும். ஊக்கமருந்து சோதனைக்கு வீரரை அழைச்சுக்கிட்டுப் போறவர், தகவல் சொன்ன நொடியிலிருந்து சோதனை அறைக்குள்ள போற வரைக்கும் அந்த வீரரைக் கண்பார்வையிலிருந்து விடக் கூடாது. தொண்டர்களா வர்றவங்களுக்குப் பயிற்சி கொடுத்தே இந்த மாதிரி வேலைகளைக் கொடுக்கிறாங்க. நாலு நாள் இதைச் சரியா செஞ்ச பிள்ளைக்கு வர்ற நிதானம் இருக்கே, அது எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

வெளிநாட்டுல இதை எப்படிச் செஞ்சாங்கன்னு ஒரு எடுத்துக்காட்டு. 2002-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. ஆலைகள் மூடி, வேலை போன மக்கள் நிறைந்த பகுதி அது. போட்டிக்குத் தொண்டர்கள் தேவை. அவங்க என்ன செஞ்சாங்கன்னா, வேலையில்லாதவர்களையும் பின்தங்கிய பகுதி மக்களையும் தேடிப் போய், போட்டிக்கு முன்னாடியே பயிற்சி கொடுத்து, அந்தப் பயிற்சிக்கு அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழும் கொடுத்தாங்க. போட்டியும் நடக்கணும், போட்டி முடிஞ்ச பிறகு அந்த மனிதர் கையில ஏதாவது மிச்சமும் இருக்கணும். அதுதான் எண்ணம். அதைப் பார்த்துத்தான் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் அதே போன்ற பயிற்சித் திட்டம் வைத்தார்கள். லண்டனில் 70,000 தொண்டர்கள். விண்ணப்பித்தவர்கள் 2,40,000 பேர்! 2024 பாரிஸில் 45,000 பேர்.

இப்போ ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடுறேன். தொண்டு செஞ்ச எல்லாருக்கும் அடுத்த நாள் வேலை கிடைச்சிடும்னு நான் சொன்னா அது பொய். மேடையில பொய் சொல்றது சுலபம், நான் சொல்ல மாட்டேன். சும்மா போய் நின்னுட்டு, செல்ஃபி எடுத்துட்டு, டி-ஷர்ட் வாங்கிட்டு வந்தா அது வேலையாகாது. தொண்டு வேலையா மாறணும்னா நீங்க மூணு காரியம் செய்யணும்.

முதல் காரியம், எழுதி வையுங்க. நாற்பது பக்க நோட்டு ஒண்ணு போதும். எந்தத் தேதி, எந்தப் போட்டி, எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார் மேற்பார்வை, என்ன தப்பு நடந்துச்சு, எப்படிச் சரி பண்ணீங்க. அவ்வளவுதான். நம்ம பிள்ளைங்களோட பயோடேட்டாவை நான் நிறையப் பார்த்திருக்கேன். "விளையாட்டில் ஆர்வம் உண்டு"ன்னு ஒரு வரி இருக்கும். அது நாட்டுல எல்லாருக்கும் உண்டு! அதுக்குப் பதிலா இப்படி எழுதிப் பாருங்க: "மாவட்ட அளவிலான கபடிப் போட்டியில் 13 அணிகளுக்கு நாக் அவுட் ஃபிக்ஸ்சர் தயாரித்து, 12 ஆட்டங்களை இரண்டே நாளில் குறித்த நேரத்தில் நடத்தும் குழுவில் பணியாற்றினேன்." படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். 13 அணின்னா 16-க்கு மூணு குறையுது, மூணு பை கொடுக்கணும், மொத்தம் 12 ஆட்டம். இந்தக் கணக்கு நேர்முகத் தேர்வில் உங்க வாயிலேருந்து தடுமாறாம வந்தா, நீங்க மைதானத்துல நின்ன ஆளுன்னு அவருக்குப் புரிஞ்சிடும்.

இரண்டாவது காரியம், சான்றிதழைக் கேட்டு வாங்குங்க. "கலந்துகொண்டார்" என்று மட்டும் இருக்கும் சான்றிதழ் சுவருக்குத்தான் அழகு. என்ன பணி, எத்தனை நாள், எத்தனை மணி நேரம், யார் பொறுப்பில், இவ்வளவும் எழுதி, முத்திரையோட கேளுங்க. கேட்கக் கூச்சப்படாதீங்க. கூடவே, அந்தப் பொறுப்பாளர்கிட்ட, "சார், நாளைக்கு எங்கேயாவது வேலைக்கு விண்ணப்பிச்சா உங்க பேரைச் சொல்லலாமா?"ன்னு கேட்டு வச்சுக்குங்க. அந்த ஒரு 'சரிப்பா' பல சான்றிதழுக்குச் சமம்.

மூணாவது காரியம், ஒரு துறையைப் பிடியுங்க. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுட்டு விட்டா ஒண்ணும் தங்காது. நடுவர் ஆகணுமா? சங்கம் நடத்துற நடுவர் தேர்வுக்குத் தயாராகுங்க, அதுவரைக்கும் உள்ளூர் போட்டிகள்ல கொடி பிடியுங்க. செஸ்ஸில் ஃபிடே ஆர்பிட்டர் பட்டம் வேணும்னா தேர்வு மட்டும் போதாது, போட்டிகளில் பணியாற்றி 'நார்ம்' சேர்க்கணும். அதாவது வேலை செஞ்ச அனுபவமே அங்கே தகுதி. பயிற்சியாளர் ஆகணுமா? பாட்டியாலா என்.ஐ.எஸ்.ஸில் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு, ஓராண்டு டிப்ளமோவும் உண்டு. அங்கே போகும் முன்னாடி உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஒரு சீசன் உதவியாளரா நின்னு பாருங்க. சின்னப் பிள்ளைகிட்ட விசிலை எப்ப ஊதணும், எப்ப ஊதக் கூடாதுன்னு அங்கதான் தெரியும். உடற்பயிற்சிக் கூடத்துலயோ நீச்சல் குளத்துலயோ வேலை வேணுமா? முதலுதவிப் பயிற்சி எடுங்க. இதயம் நின்னு விழுந்தவருக்கு நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்தணும்னு கையால பழகின ஆளை யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

எங்கிருந்து தொடங்குறது? பெரிய போட்டி வரட்டும்னு காத்திருக்காதீங்க. உங்க கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்துல சேருங்க. 1969-ல் தொடங்கிய திட்டம். ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம். அந்த முகாம்ல எல்லாரும் தெருக்கூட்டுவாங்க. நீங்க அந்தக் கிராமத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு விளையாட்டுப் போட்டி நடத்துங்க. பொங்கலுக்கு ஊர்ல நடக்குற போட்டி இருக்கு, பக்கத்துப் பள்ளி விளையாட்டு விழா இருக்கு, மாவட்டத் தடகளம் இருக்கு. 'ஓ.டி. கிடைக்குமா'ன்னு மட்டும் கணக்குப் பார்த்து வராதீங்க. 'என்ன கத்துக்கலாம்'னு பார்த்து வாங்க.

இன்னொரு இடம் சொல்றேன், அங்கே ஆளே போறதில்ல. மாற்றுத்திறனாளி விளையாட்டு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைங்க துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் நாலு பேர் பதக்கம் வாங்கினாங்க. அதே பாரிஸில் பார்வைக் குறைபாடு உள்ள சிம்ரன் சர்மா 200 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். அவரோட சேர்ந்து ஓடியவர் வழிகாட்டி ஓட்டக்காரர் அபய் சிங். ஒரு சின்னக் கயிறு ரெண்டு பேர் கையையும் இணைக்கும். காலடி ஒண்ணா விழணும், வழிகாட்டி முன்னாடி போய்டவும் கூடாது. யோசிச்சுப் பாருங்க! ஹீட்ஸ்ல வெளியே வந்த ஒரு ஓட்டக்காரன், பக்கத்துப் பார்வையற்றோர் பள்ளியில ஒரு பிள்ளைக்குக் கையும் காலுமா நிற்கலாம். வேகம் உன்கிட்ட இருக்கு, வழி அந்தப் பிள்ளைக்கு வேணும். அந்த அனுபவத்தோட சிறப்புப் பள்ளியிலயோ மறுவாழ்வு மையத்துலயோ வேலை கேட்டுப் போங்க, வித்தியாசம் தெரியும்.

சரி. இப்போ ரொம்ப முக்கியமான எச்சரிக்கை. பெற்றோர்கள் இதைக் கவனமா கேட்கணும்.

தொண்டு வேற, சுரண்டல் வேற. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு போட்டிக்கு நாற்பது பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். மூணு நாள். முதல் நாள் மதியம் சாப்பாடு ரெண்டு மணி தாண்டியும் வரல. கடைசியில பிள்ளைங்களே காசு போட்டு பரோட்டா வாங்கினாங்க. ரெண்டாம் நாள் நாற்காலி தூக்குறதும் வந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்குறதும்தான் வேலை. சான்றிதழ் தபால்ல வரும்னாங்க. இன்னைக்கு வரைக்கும் வரல. அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது என் தப்பு. அந்தப் பிள்ளைங்கள்ல சிலர் அதுக்கப்புறம் எந்தப் போட்டிக்கும் வரல. அவங்ககிட்ட நான் இன்னும் கடன்பட்டிருக்கேன்.

அதனால சொல்றேன். மூணு நாள் போட்டிக்குத் தொண்டு செய்யலாம். மூணு வருஷம் சம்பளம் இல்லாம பயிற்சி கொடு, அனுபவம் கிடைக்கும்னு ஒரு அகாடமி சொன்னா, கும்பிடு போட்டுட்டு வெளியே வாங்க. அங்கே பிள்ளைங்ககிட்ட கட்டணம் வாங்குறாங்கன்னா உங்களுக்குச் சம்பளம் கொடுக்கணும். ஒரு நிரந்தர வேலையை இலவசத் தொண்டரை வச்சு ஓட்டினா, அது நாளைக்கு உங்களுக்கே கிடைக்க வேண்டிய வேலையைக் கொல்லுற காரியம். எத்தனை நாள், எத்தனை மணி, சாப்பாடு யார், பஸ் காசு யார், அடிபட்டா யார் பொறுப்பு? இதைப் போகும் முன்னாடி கேளுங்க. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டு பஸ் மாறிப் போற காசே ஒரு நாள் சாப்பாடு. "தொண்டுதானே, காசு எதுக்கு"ன்னு கேட்கிறவர் வசதியான வீட்டுப் பிள்ளையை மட்டும்தான் மைதானத்துக்குள்ள விடுறார்னு அர்த்தம்.

தங்கைகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. பெண் தொண்டர்களைத் தனி ஆளா எந்த இடத்திலும் நிறுத்தக் கூடாது, குறைந்தது ரெண்டு பேர். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருக்கணும். இருட்டும் முன்னாடி கிளம்ப வண்டி இருக்கணும். இது இல்லாத இடத்துக்குப் போகாதீங்க. அதைக் கேட்கிறது திமிர்னு யாராவது சொன்னா, எங்க விளையாட்டு அணிச் செயலாளர் கேட்கச் சொன்னார்னு சொல்லுங்க.

இனி நம்ம இயக்கத் தோழர்களுக்கு.

'தொண்டன்' என்கிற வார்த்தையை நம்மளை விட அதிகமா பயன்படுத்துறவங்க நாட்டுல யாரும் கிடையாது. ஃப்ளெக்ஸ் கட்டுறவர் தொண்டர், கொடி கட்டுறவர் தொண்டர், நாற்காலி போடுறவர் தொண்டர். அந்தப் பிள்ளைங்கள்ல எத்தனை பேர் நல்ல விளையாட்டுக்காரங்க! அவங்க வயசு கரையுது தோழர்களே. பத்து வருஷம் நமக்காக உழைச்ச ஒரு தம்பி, முப்பது வயசுல பயோடேட்டாவுல என்ன எழுதுவான்? இந்தக் கேள்வியை நம்மளை நாமே கேட்டுக்கணும். கூட்டத்துக்கு ஆள் திரட்டத் தெரிஞ்ச நமக்கு, ஒரு தம்பியை மாவட்டத் தடகளப் போட்டியோட நடுவர் மேசைக்குக் கொண்டுபோய் விடத் தெரியாதா?

அதனால விளையாட்டு அணி சார்பில் எல்லா ஒன்றிய, நகர நிர்வாகிகளுக்கும் நான் வைக்கிற வேண்டுகோள். உங்க பகுதியில விளையாட்டுப் படிப்பு படிக்கிற, விளையாடுற பிள்ளைங்களோட பட்டியல் எடுங்க. கட்சி பார்க்காதீங்க. உங்க ஊர் உடற்கல்வி ஆசிரியர்கிட்ட எந்தப் போட்டிக்கு எத்தனை ஆள் வேணும்னு கேளுங்க. பிள்ளைங்களுக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் நீங்க ஏற்பாடு பண்ணுங்க. ஒரு பொன்னாடை, ஒரு ஆளுயர மாலை காசு போதும். மைதானத்துக்குள்ள நம்ம கொடி வேண்டாம், துண்டு வேண்டாம், சான்றிதழ்ல தலைவர் படம் வேண்டாம். கட்சிச் சின்னம் போட்ட சான்றிதழை அந்தப் பிள்ளை நாளைக்கு வேலை கேட்டுப் போற இடத்துல காட்ட முடியாது. பிள்ளைக்கு உதவாத சான்றிதழ் நமக்கும் பெருமை இல்ல.

அரசுக்கும் நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஒன்று, அரசு நடத்தும் எல்லா விளையாட்டுப் போட்டிகளிலும் மாணவத் தொண்டர்களுக்குப் பயணப்படி, உணவு, காப்பீடு கட்டாயம் வேண்டும். இரண்டு, செய்த பணியையும் மணி நேரத்தையும் குறிப்பிட்ட, இணையத்தில் சரிபார்க்கக்கூடிய சான்றிதழ் வேண்டும். மூன்று, போட்டிக்கு முன்பே முறையான பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி நம் மாவட்டத் தலைநகரங்களில், தமிழில் நடக்க வேண்டும். நான்கு, காலியாக உள்ள உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். தொண்டரை வைத்து அந்தக் காலியிடத்தை மறைக்கக் கூடாது. தொண்டு வேலைக்குப் போகும் படிக்கட்டாக இருக்கணும்னா, மேலே ஒரு வாசல் திறந்திருக்கணும்ல?

முடிக்கும் முன்னாடி ஒரு பழைய செய்தி. சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. 1920-ல் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்க ஆசிரியர் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெருமை அதற்கு உண்டு. அவர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனார். அவர் அங்கே எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. ஆனால் அவர் தொடங்கிய கல்லூரியிலிருந்து நூறு ஆண்டுகளாக ஆசிரியர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் யாரோ ஒருவரிடம் படித்தவர்தான் உங்க ஊர் பி.டி. வாத்தியாராகவும் இருக்கலாம். ஓடாத மனுஷனும் விளையாட்டுல இவ்வளவு தூரம் போகலாம்.

அந்தக் கபடித் தம்பிக்கு என் பதில் இதுதான். "பத்து வருஷம் ஆடினது வீண் இல்லப்பா. உனக்கு மைதானம் தெரியும். தோல்வி தெரியும். தோத்த பிள்ளை முகத்தைப் பார்த்து என்ன பேசணும், என்ன பேசக் கூடாதுன்னு தெரியும். அது எல்லாருக்கும் தெரியாது. வர்ற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்ல பள்ளிக்கூட மேட்ச் இருக்கு. ஸ்கோர் டேபிளுக்கு ஆள் பத்தல. காலையில ஆறு மணிக்கு வந்துடு. நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வா."

உங்களுக்கும் அதேதான் சொல்றேன். வாங்க.



உங்கள் ஊரில் நடக்கவிருக்கும் பள்ளி, கல்லூரி, மாவட்ட விளையாட்டுப் போட்டிகளின் தேதியைக் கமெண்டில் பதிவிடுங்கள். தொண்டராக வர விரும்பும் மாணவர்கள் தங்கள் மாவட்டத்தையும் விளையாட்டையும் மட்டும் குறிப்பிட்டால் போதும். தொலைபேசி எண்ணைப் பொதுவில் பதிவிட வேண்டாம். மாவட்ட விளையாட்டு அணியினர் இன்பாக்ஸில் உங்களைத் தொடர்புகொள்வார்கள்.

#விளையாட்டு_அணி #மைதானத்துக்கு_வாங்க #தொண்டும்_வேலையும்